அப்பாவின் பழைய ஜெனித் லென்ஸை இப்போதைய சோனி கேமராவில் போட்டுப் படம் எடுக்க முடியுமா?

அப்பாவின் ஜெனித் பிலிம் கேமராவும் அதோடு வந்த ஹீலியோஸ் 44-2 என்ற 58 மி.மீ. லென்ஸும் வீட்டில் இருக்கின்றன, உங்கள் கையில் இருப்பது சோனி ஏ6400 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்க்க முடியுமா, முடியும் என்றால் இதுபோல இன்னும் சில பழைய லென்ஸ்கள் வாங்கிச் சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாகச் சேர்க்கலாம். இன்னும் வாங்கலாமா என்றால், எந்தக் குறைக்காக வாங்குகிறீர்கள் என்று தெரிந்தால் வாங்குங்கள். குறைக்காகத்தான், தவறாக எழுதவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இது எப்படி முடிகிறது என்பது. ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸ் உட்காரும் வளையமான மவுண்டுக்கும் பிலிமுக்கும் (இப்போது சென்சாருக்கும்) இடையே மாறாத ஒரு தூரம் உண்டு. பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் நடுவே மிரர் ஏறி இறங்க இடம் வேண்டும், அதனால் அந்தத் தூரம் அதிகம். உங்கள் ஜெனித்தின் எம்42 திருகு மவுண்டுக்கு அது 45.46 மி.மீ. சோனியின் இ மவுண்டில் மிரரே கிடையாது, 18 மி.மீ. போதும். மிச்சமுள்ள 27.46 மி.மீ. இடத்தை நிரப்ப ஓர் உலோகக் குழாய் இருந்தால் வேலை முடிந்தது. அதைத்தான் அடாப்டர் என்று விற்கிறார்கள். உள்ளே கண்ணாடியும் இல்லை, மின்சுற்றும் இல்லை. வெறும் குழாய்க்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை, ஆட்டம் இல்லாமல் இறுக்கமாகப் பொருந்தினால் சரி.

டிஎஸ்எல்ஆர் (மிரர் உள்ள டிஜிட்டல் கேமரா) காலத்தில் இந்த வசதி எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கேனான் இஎஃப் மவுண்டின் தூரம் 44 மி.மீ., ஆகவே எம்42 லென்ஸை ஒரு மெல்லிய வளையம் வைத்து மாட்டிவிடலாம். நிக்கானில் 46.5 மி.மீ. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிடத் தள்ளிப் போய்விடும், தூரத்தில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது. இதில் வேடிக்கை, கேனானின் சொந்த எஃப்டி லென்ஸ்களே கேனான் டிஎஸ்எல்ஆரில் சரியாகப் பொருந்தாது. 1987-ல் இஎஃப் மவுண்டுக்கு மாறியபோது 42 மி.மீ. தூரமுள்ள எஃப்டி வரிசையை அந்த நிறுவனம் அப்படியே கைவிட்டது. இருபது வருடங்களுக்கு மேல் அந்த நல்ல லென்ஸ்களைச் சீந்துவாரில்லை. 2008-ல் பானசோனிக் ஜி1, 2010-ல் சோனி நெக்ஸ், 2013-ல் முழு பிரேம் (பிலிம் அளவு சென்சார் கொண்ட) சோனி ஏ7 என்று மிரர்லெஸ் கேமராக்கள் வரிசையாக வந்த பிறகுதான் அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது. கூடவே விலையும் ஏறியது.

அடாப்டர் வாங்கும் முன் லென்ஸின் பின்பக்கத் திருகை ஒரு ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 42 மி.மீ. இருந்தால் கவலையில்லை. ஆரம்ப கால ஜெனித்களில் 39 மி.மீ. திருகும் உண்டு. அங்கே ஒரு பொறி இருக்கிறது. கடைகளில் 'எம்39 – சோனி இ' என்று கிடைக்கும் அடாப்டர் பெரும்பாலும் பழைய லைக்கா திருகு லென்ஸ்களுக்கானது. லைக்காவின் தூரம் 28.8 மி.மீ., ஜெனித்தின் எம்39 தூரம் 45.2 மி.மீ. திருகு ஏறும், ஆனால் லென்ஸ் சென்சாருக்கு மிக அருகே போய் உட்கார்ந்து, எதைப் பார்த்தாலும் மங்கலாகத்தான் தெரியும். 39 திருகாக இருந்தால் எம்39-லிருந்து எம்42-க்கு மாற்றும் சிறு வளையம் ஒன்றைப் போட்டு, எம்42 அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

மாட்டியதும் கேமரா "லென்ஸ் இல்லை" என்று சொல்லிப் படம் எடுக்க மறுக்கலாம். மெனுவில் லென்ஸ் இல்லாமலே ஷட்டரை இயக்க அனுமதிக்கும் ஒரு அமைப்பு இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். ஏ6400-ல் உடலுக்குள் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷன் இல்லை, பழைய லென்ஸிலும் இல்லை. ஆகவே கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/125-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஆட்டோவில் விட்டுவிடலாம். அபெர்ச்சர் பிரையாரிட்டி (லென்ஸ் திறப்பை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை) நன்றாகவே வேலை செய்யும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைத்தானே கேமரா அளக்கிறது, அது யார் செய்த லென்ஸ் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. எந்த அபெர்ச்சரில் எடுத்தோம் என்பது மட்டும் படத்தோடு பதிவாகாது.

ஹீலியோஸ் 44-2-ல் அபெர்ச்சருக்கு இரண்டு வளையங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று எல்லையைக் குறிக்கும், இன்னொன்று முழுத் திறப்புக்கும் அந்த எல்லைக்கும் இடையே வழுக்கிக்கொண்டு போகும். எஃப் 5.6-ல் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்) எடுக்க வேண்டுமானால் முதல் வளையத்தை 5.6-ல் வைத்துவிட்டு, இரண்டாவதை முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, கண்ணை எடுக்காமல் நிற்கும் வரை திருப்பினால் போதும். வீடியோ எடுப்பவர்களுக்குச் சத்தமில்லாமல் திரும்பும் இந்த வளையம் ரொம்பப் பிடிக்கும்.

ஃபோகஸ் முழுக்கக் கைவேலை. பீக்கிங் என்ற வசதி ஃபோகஸில் இருக்கும் விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும். ஆனால் எஃப் 2-ல் அதை முழுசாக நம்ப வேண்டாம். ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருப்பவரை இந்த லென்ஸில் முழுத் திறப்பில் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 2 செ.மீ. மட்டுமே. பீக்கிங் இமைக்கும் புருவத்துக்கும் சேர்த்தே நிறம் பூசிவிடும். திரையைப் பெரிதாக்கிக் காட்டும் பொத்தானைக் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் அமைத்துக்கொண்டு, கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். ஓடும் குழந்தைகளை எடுக்க இது தோதுப்படாது. அதற்கு உங்கள் சோனியின் ஆட்டோ ஃபோகஸே மேல்.

சரி, குறை விஷயத்துக்கு வருகிறேன். பழைய லென்ஸ் பற்றிப் பேசுகிறவர்கள் 'கேரக்டர்' என்று ஒன்றைச் சொல்வார்கள். என் கணக்கில் அது, அந்தக் காலத்து வடிவமைப்பாளர் சரிசெய்ய முடியாமலோ செலவு பார்த்தோ விட்டுவைத்த பிழைக்கு நாம் வைத்த செல்லப் பெயர். பிழை அழகாகவும் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பிழை எப்போது தெரியும் என்று அறியாமல் வாங்கினால், "யூடியூபில் பார்த்த மாதிரி வரவில்லையே" என்று உட்கார்ந்திருப்போம்.

உங்கள் ஹீலியோஸையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனம் செய்த பயோடார் 58 மி.மீ. லென்ஸின் வடிவம் இது. போருக்குப் பிறகு சோவியத்தில், மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் ஆலை உட்பட ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகளில் ஏராளமாகச் செய்தார்கள். நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். இதன் புகழ் பின்னணி சுழல்வதில் இருக்கிறது. மரத்தடியில் ஒருவரை நிற்க வைத்து எஃப் 2-ல் எடுத்தால், பின்னால் இலைகளுக்கு இடையே தெரியும் ஒளிப்புள்ளிகள் அவர் முகத்தைச் சுற்றிச் சக்கரம் போலச் சுழலும். காரணம் பெரிய மர்மம் இல்லை. சாய்வாக வரும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸின் குழல் விளிம்பு வெட்டிவிடுகிறது. அதனால் நடுவில் வட்டமாக இருக்கும் ஒளிப்புள்ளி, ஓரத்துக்குப் போகப் போகப் பூனைக்கண் வடிவத்துக்கு நசுங்குகிறது. ஓரத்தில் சரியாகத் திருத்தப்படாத அஸ்டிக்மாட்டிசமும் (ஒரு புள்ளியைக் கோடாக இழுக்கும் பிழை) சேரும்போது அது சுழற்சியாகத் தெரிகிறது.

இப்போது உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமான செய்தி. சுழற்சி இருப்பது படத்தின் ஓரங்களில். ஏ6400-ன் சென்சார் பிலிமைவிடச் சிறியது, அந்த ஓரங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டுமே எடுக்கும். ஆகவே முழு பிரேம் கேமராவில் எடுத்த படங்களில் பார்க்கும் சுழலில் ஒரு பகுதிதான் உங்களுக்குக் கிடைக்கும். இன்னொரு பக்கம், அதே காரணத்தால் 58 மி.மீ. உங்களுக்கு 1.5 மடங்காகி 87 மி.மீ. போலத் தெரியும். முகப் படத்துக்கு அது அருமையான அளவு, நடுப்பகுதி நல்ல கூர்மையும்கூட. சுழல் வேண்டியே தீரும் என்றால் ஃபோக்கல் ரெட்யூசர் என்ற, உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டர் இருக்கிறது. 0.71 மடங்கு சுருக்கும் ஒன்றைப் போட்டால் 58 மி.மீ. சுமார் 41 மி.மீ. ஆகிவிடும், சென்சார் கணக்கோடு சேர்த்தால் 62 மி.மீ. பார்வை, எஃப் 2 ஏறக்குறைய எஃப் 1.4 ஆகும். வெட்டுப்பட்ட ஓரமும் பெரும்பாலும் திரும்ப வரும். இது வெற்றுக் குழாயைவிட விலை அதிகம், மட்டமானதை வாங்கினால் அதன் கண்ணாடியே படத்தைக் கெடுக்கும். சாதாரண அடாப்டரில் கொஞ்ச காலம் எடுத்துப் பார்த்துவிட்டு இதைப் பற்றி யோசியுங்கள்.

எப்படி இருந்தாலும் பின்னணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எந்தச் சுழலும் வராது. வெயில் ஒழுகும் வேப்பமரமோ புளியமரமோ பின்னால் சில மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஆள் உங்களிடமிருந்து ஓரிரு மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இதேபோல ஜெர்மனியின் கெர்லிட்ஸ் நகரில் மேயர் நிறுவனம் செய்த ட்ரையோப்ளான் 100 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் புகழ் சோப்புக் குமிழி போன்ற ஒளிவட்டங்களால் வந்தது. மூன்றே கண்ணாடிகள் கொண்ட அந்த எளிய லென்ஸில் ஸ்பெரிக்கல் அபெரேஷனை (கண்ணாடியின் நடுவும் ஓரமும் ஒளியை வெவ்வேறு இடத்தில் குவிக்கும் பிழை) அளவுக்கு மீறித் திருத்தியதால், பின்னணி ஒளிவட்டத்தின் விளிம்பு நடுவைவிடப் பிரகாசமாகிவிடுகிறது. இந்தப் பிழைக்கு இன்று கேட்கும் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். பழைய ஸ்லைடு புரொஜெக்டர்களின் லென்ஸ்களில் சில அதே மூன்று கண்ணாடி வடிவம்தான், குமிழியும் அதே மாதிரி வரும். ஃபோகஸ் வளையமோ அபெர்ச்சரோ இல்லாததால் யாரும் சீண்டாமல் மலிவாகக் கிடைக்கின்றன. கையால் செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இது நல்ல வேலை.

பென்டாக்ஸ் கேமராக்களைச் செய்த ஜப்பானிய நிறுவனமான அசாஹியின் சூப்பர் தாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 பற்றிப் பயமுறுத்துவார்கள். ஏழு கண்ணாடிகள் கொண்ட அதன் பிந்தைய வடிவில் தோரியம் கலந்த கண்ணாடி இருப்பதும், அது லேசாகக் கதிர்வீசுவதும் உண்மை. ஒளியை அதிகம் வளைக்கவும் நிறங்களைக் குறைவாகப் பிரிக்கவும் அன்று தோரியம் உதவியது. லென்ஸாக மாட்டிப் பயன்படுத்துவதில் பயப்பட ஒன்றுமில்லை, கண்ணாடியை உடைத்துத் தேய்க்காதீர்கள், அவ்வளவுதான். வருடங்கள் போகப் போக அது பழுப்பேறும். புறஊதா எல்இடி விளக்குக்குக் கீழே சில நாட்கள் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும்.

எல்லாப் பழைய லென்ஸ்களுக்கும் பொதுவான ஒரு பலவீனம் எதிர்வெளிச்சம். பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடி மேல் பூசும் கோட்டிங் அந்தக் காலத்தில் எளிமையானது, சென்சாரின் பளபளப்போ பிலிமைவிட அதிகம். வெளிச்சம் சென்சாரில் பட்டு லென்ஸின் பின்கண்ணாடியில் மோதித் திரும்பி வந்து படம் முழுக்க வெளிறிப் போகும். சிலருக்கு அந்த வெளிறல்தான் பிடிக்கும். பிடிக்காவிட்டால் பக்க வெளிச்சத்தை மறைக்கும் ஒரு ரப்பர் ஹூட் வாங்கிப் போடுங்கள், ஹீலியோஸ் 44-2-க்கு முன்பக்கத்தில் 49 மி.மீ. திருகு.

நம் ஊரில் இதையெல்லாம்விடப் பெரிய பிரச்சினை பூஞ்சை. வருடக்கணக்கில் பீரோவில் தோலுறைக்குள் கிடந்த லென்ஸ் என்றால் ஃபங்கஸ் இருக்க நிறைய வாய்ப்பு. கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி இழை போலக் கிளைவிட்டிருந்தால் அது ஃபங்கஸ், பனி மூடியது போல இருந்தால் எண்ணெய் ஆவியால் வந்த மங்கல். தூசி இருந்தால் விட்டுவிடுங்கள், படத்தில் தெரியாது. ஓரத்தில் இரண்டு இழை இருப்பதாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. நடுவில் படர்ந்திருந்தால் பிரித்துத் துடைக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும், அப்போதும் கோட்டிங்கை அரித்திருந்தால் தழும்பு போகாது. சுத்தமான பிறகு தோலுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வெயிலில் வைத்தால் ஃபங்கஸ் சாகும் என்று மூடியில்லாமல் ஜன்னலோரம் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. அது பூதக்கண்ணாடி வேலை செய்து பக்கத்தில் இருக்கும் துணியைக் கருக்கிவிடும், ஜாக்கிரதை.

இன்னும் வாங்கலாமா என்ற கேள்விக்கு: காசு மிச்சம் என்ற கணக்கில் வாங்காதீர்கள். கூர்மையும் வேகமும் வேண்டுமென்றால் இன்றைய சாதாரண 50 மி.மீ. ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் முழுத் திறப்பில் இவற்றில் பலவற்றைத் தோற்கடிக்கும். பழைய ஜூம்கள் வேண்டவே வேண்டாம். பழைய 28 மி.மீ. லென்ஸ் உங்கள் சென்சாரில் 42 மி.மீ. ஆகிவிடுவதால் அகலமும் கிடைக்காது. 50-லிருந்து 135 மி.மீ. வரையுள்ள பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்களில்தான் பொருள் இருக்கிறது. மினோல்டா, பென்டாக்ஸ், கேனான் எஃப்டி இவற்றின் 50 மி.மீ. எல்லாமே நல்லவை, நிக்கானின் 105 மி.மீ. எஃப் 2.5 முகப் படங்களுக்குப் பேர்போனது. சென்னையில் இருந்தால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு சுற்று வந்து பாருங்கள், டார்ச் அடித்துப் பார்க்க விடாத ஆளிடம் மட்டும் வாங்காதீர்கள். இணையத்தில் 'அரிய லென்ஸ்' என்று போட்டு ஹீலியோஸ் விற்பவர்களையும் தாண்டிப் போய்விடுங்கள், உலகத்தில் அதிகமாகச் செய்யப்பட்ட லென்ஸ்களில் அதுவும் ஒன்று. முக்கியமாக, 44-2 பிடித்துப்போனதும் 44-3, 44எம், 44எம்-4 என்று அதன் தம்பிகளை வாங்கத் தொடங்காதீர்கள், எல்லாம் கிட்டத்தட்ட அதே படத்தைத்தான் தரும்.