1970இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சுடப்பட்டவர்கள் எல்லாரும் போராட்டக்காரர்களா?

இல்லை. கம்போடியாவுக்குள் அமெரிக்கப் படை நுழைந்ததை எதிர்த்து, ஒஹாயோ மாநிலத்தின் அந்த வளாகத்தில் மாணவர்கள் திரண்டிருந்தார்கள். மே 4 நண்பகலில் தேசியக் காவல்படையினர் 13 விநாடிகளில் 67 குண்டுகளைச் சுட்டுத் தள்ளினார்கள். நால்வர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இறந்த சான்ட்ரா ஷாயர் போராட்டத்திலேயே இல்லை, வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். நூறு மீட்டருக்கும் அப்பால் நடந்துகொண்டிருந்த பெண்ணால் துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு என்ன ஆபத்து வந்துவிடும்? நினைத்தாலே நெஞ்சு பதைக்கிறது. அங்கே நின்ற உலோகச் சிற்பத்தில் குண்டு துளைத்த ஓட்டை இன்றும் அப்படியே இருக்கிறது.

பதினொரே நாளில் மிசிசிப்பியில், கறுப்பின மாணவர்கள் படித்த ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில், மகளிர் விடுதியை நோக்கிப் போலீஸார் சுட்டதில் இருவர் இறந்தார்கள். கென்ட் அளவுக்கு அதை யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும்.