இயேசுவை மனிதராகப் பார்க்க எங்கே தொடங்குவது?

பைபிளில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களில் ஒன்றான மாற்கிலிருந்து தொடங்குங்கள், அதையும் ஒரே மூச்சில். 16 அதிகாரம்தான், சிங்கப்பூரின் பாசிர் ரிஸில் எம்ஆர்டி ரயில் ஏறினால் துவாஸ் லிங்க் போய்ச் சேர்வதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். விளக்கவுரை, பிரசங்கக் காணொளி எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

சின்ன வயதிலிருந்து தமிழ் ஆராதனைக்குப் போயும் 'சுவரில் மாட்டிய படமாகத்தான் தெரிகிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்குப் பத்து வசனமாகத் துண்டுதுண்டாகக் கேட்டதுதான் காரணமாக இருக்கும். போதாக்குறைக்கு, கிறிஸ்துமஸ் நாடகத்தில் மத்தேயு நற்செய்தியில் நட்சத்திரம் பார்த்து வரும் சாஸ்திரிகளையும் லூக்கா நற்செய்தியின் மேய்ப்பர்களையும் ஒரே தொழுவத்தில் நிறுத்திவிடுகிறோம். மாற்கில் பிறப்புக் கதையே கிடையாது. ஆள் நேராக ஞானஸ்நானம் பெற யோர்தான் நதிக்கு வந்து நிற்கிறார்.

படிக்கும்போது அவர் கோபப்படும், களைத்துப்போகும், பெருமூச்சு விடும் இடங்களைப் பென்சிலால் கோடிடுங்கள். 3-ஆம் அதிகாரத்தில் சொந்தக்காரர்களே அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பிடித்துப்போக வருகிறார்கள். 4-இல் படகே மூழ்கும் புயலில் தலையணை வைத்துத் தூங்குகிறார். எனக்குப் பிடித்தது 7: யூதரல்லாத சீரோபேனிக்கியப் பெண் ஒருத்தி தன் மகளைக் குணமாக்கச் சொல்லி அவரிடமே பதிலுக்குப் பதில் பேசுகிறாள், அவரும் அவள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறார். இதை மேடையில் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். 'சபை மறைத்த இயேசு' என்று தேடினால், அவர் இந்தியாவுக்கு வந்து படித்தார் என்ற காணொளிகள்தான் வந்து விழும். அது 1894-இல் நோட்டோவிச் என்ற ரஷ்யர் கிளப்பிய கதை. அவர் சொன்ன லடாக் மடத்தின் தலைவரே அதை மறுத்துவிட்டார். அந்தப் பக்கம் போகாதீர்கள்.