அம்மாவின் சீனிக் கிளினிக்கை ஊருக்கு மாற்றலாமா?

காரைநகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 64 வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தம், பிரஷர். ஒவ்வொரு மாதமும் விடிய முதல் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறோம். இப்போது ஊருக்குக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் குடும்ப வைத்தியர் ஒருவர் சீனிக் கிளினிக் நடத்துகிறார். அங்கே மாற்றினால் பிழையா?"

பிழையில்லை. சீனியும் பிரஷரும் ஒரு நிலையில் நிற்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். அலைச்சல் தாங்காமல் இரண்டு கிளினிக்கைத் தவறவிட்டு, மருந்தும் இல்லாமல் இருந்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். குடும்ப மருத்துவமும் தனியாகப் படிக்கிற துறைதான். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் அதில் டிப்ளோமாவும் எம்.டி.யும் வழங்குகிறது.

ஆனால் முதல் நாள் அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்களா? நல்ல சீனிக் கிளினிக்கில் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலோன் இழையால் பெருவிரலிலும் உள்ளங்காலிலும் தொடுவார்கள். "தொடுறது தெரிஞ்சா சொல்லுங்கோ அம்மா" என்பார்கள். தெரியாவிட்டால் காலின் உணர்ச்சி குறைந்துவிட்டது. அப்படியானவர் நல்லூர்த் திருவிழாவில் வெறுங்காலோடு சுடுமணலில் நடந்தால், கொப்புளம் வந்ததே தெரியாது. அது புண்ணாகி, விரலை எடுக்கும் வரை போகும். வருடத்துக்கு ஒருமுறையாவது கால், கண், சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் காட்டும் கிரியற்றினின் எல்லாம் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை, சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

கிரியற்றினின் ஏறிக்கொண்டே போனாலோ, கண்ணின் விழித்திரையில் கோளாறு தெரிந்தாலோ, காலில் ஆறாத புண் இருந்தாலோ நிபுணரின் கிளினிக்கை விட வேண்டாம். நெஞ்சு நோவுக்கு எந்தக் கிளினிக் நாளுக்கும் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிலைமை மாறினால் யாரிடம், எப்படிக் கடிதம் கொடுத்து அனுப்புவார் என்று புது வைத்தியரிடம் முதலிலேயே கேளுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவில்லை.

மாற முன்பு பெரியாஸ்பத்திரியில் சொல்லி, ஒரு கடிதம் வாங்குங்கள். பழைய கிளினிக் கொப்பியோடு, வீட்டில் இருக்கிற குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போய் வைத்தியரின் மேசையில் கொட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு பெட்டியில் இருக்கும். அம்மா இரண்டையும் போட்டுவிட்டுச் சீனி இறங்கி மயங்கி விழக் கூடும்.