அப்பா கைக்கு ரோபோ பிசியோ - கடன் வாங்கிப் போகாதீங்க
தம்பி, ஏற்காட்டுல இருந்து பக்கவாதத்துல கை விழுந்த அப்பாவ வாரம் மூணு நாள் 20 கொண்டை ஊசி வளைவு இறக்கி சேலம் கூட்டிட்டு வந்து ரோபோ பேக்கேஜ் எடுக்கலாமா, அதுக்கு நகைய வெக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. நகைய வெக்காதீங்க. ரோபோ ஏமாத்து வேலை இல்ல, கைய மெஷின்ல கட்டி ஒரே அசைவ நூத்துக்கணக்குல செய்ய வெக்கும், அது நல்லதுதான், ஆனா பிரிட்டன்ல பக்கவாதம் வந்த 770 பேர வெச்சு ராட்டுல்ஸ்னு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2019ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு, வாரம் மூணு தடவ, 12 வாரம், தடவைக்கு முக்கா மணி நேரம் ரோபோ. கை அசைவு கொஞ்சம் முன்னேறுச்சு, ஆனா தினசரி வேலைக்கு கைய உபயோகிக்கறதுல வழக்கமான சிகிச்சைய விட பெரிய வித்தியாசம் இல்ல.

அதனால பிசியோகிட்ட வீட்டுப் பயிற்சி எழுதி வாங்குங்க. அப்பா எஸ்டேட்காரர்ங்கறீங்க, விரல் கொஞ்சமாச்சும் பிரியுதுன்னா தட்டுல காப்பிக்கொட்டைய கொட்டி ஒண்ணொண்ணா டம்ளர்ல போடச் சொல்லுங்க, மெதுவாத்தான் வரும், நீங்க கை கொடுக்காதீங்க (அம்மாதான் முதல்ல கை கொடுப்பாங்க, பாத்துக்கங்க). எந்திரிக்க வெக்கறப்ப அந்தக் கையப் புடிச்சு மட்டும் இழுக்கவே கூடாது, தோள்பட்டை எறங்கிரும்.

அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வருவாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. ரோபோதான் வேணும்னா வேலூர் சிஎம்சியும் ஐஐடி மெட்ராஸும் சேந்து கைக்குன்னே புளூட்டோன்னு சின்ன மெஷின் பண்ணிருக்காங்க, விசாரிங்க.

விரல் இறுக்கம் எப்படி இருக்கு? நீங்க பிரிச்சா வலிக்குதுங்கறாரா? அதச் சொல்லுங்க, இறுக்கம் ஜாஸ்தின்னா முதல்ல நியூரோ டாக்டரப் பாக்கணும்.