பிரிட்டன் ஐசியுவில் ஷிப்ட் இன்சார்ஜ்: பெட் எடுத்துக்கொள்ளாதீர்கள்

"ஊரில் எட்டு வருடம் ஐசியு பார்த்தேன் அக்கா. இங்கே பேண்ட் 6 (சீனியர் நர்ஸ் சம்பளத் தரம்) கொடுத்து, அடுத்த மாதம் முதல் ஷிப்ட் இன்சார்ஜ் என்கிறார்கள். எதில் தொடங்குவது?" என்று கேட்டிருந்தீர்கள், தங்கை.

நோயாளியைப் பார்ப்பது உங்களுக்குக் கைவந்த வேலை. இனிப் பழக வேண்டியது, எந்த நோயாளியையும் கையில் எடுக்காமல் இருப்பது. இங்குள்ள தீவிர சிகிச்சை வழிகாட்டுதல்படி லெவல் 3 நோயாளிக்கு, அதாவது வென்டிலேட்டர் போன்ற மிகத் தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு, ஒரு நர்ஸ்; அதற்கு அடுத்த நிலையான லெவல் 2 என்றால் இருவருக்கு ஒருவர். இன்சார்ஜ் அந்தக் கணக்கில் சேரமாட்டார். சூப்பர்நியூமரரி (கணக்குக்கு அப்பாற்பட்டவர்) என்று சொல்வது அதைத்தான். ஆள் குறைந்தால் "நானே ஒரு பெட் பார்த்துக்கொள்கிறேன்" என்று நம்மவர்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம். நல்ல மனதுதான். ஆனால் நீங்கள் கவுனும் கையுறையுமாகத் தனி அறைக்குள் நிற்கும்போது, வார்டில் இதயத் துடிப்பு நின்று அரெஸ்ட் ஆனவரை அனுப்புகிறோம் என்று போன் வந்தால் யார் எடுப்பது? பேங்க் நர்ஸ் (தேவைப்படும்போது ஷிப்டுக்கு வருபவர்) கிடைப்பாரா என்று பாருங்கள், மருத்துவமனை முழுவதையும் கவனிக்கும் சைட் மேனேஜரைக் கூப்பிடுங்கள். வேறு வழியே இல்லாமல் பெட் எடுக்க நேர்ந்தால் அன்றே இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுங்கள். எழுதாவிட்டால் அடுத்த ரோஸ்டரிலும் அதே எண்ணிக்கைதான் வரும்.

பெட் ஒதுக்கும்போது புதிதாகச் சேர்ந்த இருவரைப் பக்கத்துப் பக்கத்தில் போடாதீர்கள். ஒருவர் பிரேக் போனால் மற்றவர் தலையில் இரண்டு வென்டிலேட்டர். பிரேக் பட்டியலை ஷிப்ட் தொடங்கியதுமே எழுதிவிடுங்கள். நடுவில் யாராவது சிடி ஸ்கேனுக்குப் போக வேண்டியிருந்தால் மாற்ற வசதியாக இருக்கும்.

முதல் சுற்றில் ஒவ்வொரு பெட்டருகிலும் நின்று ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை), சக்ஷன், ஆக்சிஜன், அலாரம் லிமிட் பாருங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போட்டவருக்கு, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் அலை வருகிறதா என்றும் பாருங்கள். பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்சில் மீதி எவ்வளவு என்று கட்டாயம் கணக்கிடுங்கள். மணிக்கு 10 மில்லி ஓடுகிறது, 15 மில்லி மிச்சம் என்றால் ஒன்றரை மணி நேரம்தான். அது பிரேக் நேரத்தில் விழுமானால், அந்த நோயாளியை அறிந்த நர்ஸ் இருக்கும்போதே அடுத்த சிரிஞ்ச் தயாராகட்டும். அந்த மருந்தின் பலன் நின்ற ஓரிரு நிமிடத்தில் போய்விடும். மாற்றும்போது சற்றுத் தடைபட்டாலே பிரஷர் சரியும்.

இரவு 10 முதல் காலை 7 வரை ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றுவதைத் தவிர்க்கச் சொல்கிறது நைஸ் (NICE, இங்குள்ள சிகிச்சை நெறிமுறை அமைப்பு) வழிகாட்டுதல். ஆகவே யார் வெளியே போகலாம் என்பதைக் காலை ரவுண்டிலேயே கேட்டு, பெட் மேனேஜரை மதியத்துக்கு முன்பே நச்சரியுங்கள்.

"இன்னொருவரை எடுக்க இப்போது நர்ஸ் இல்லை, இது பாதுகாப்பில்லை" என்று மூத்த டாக்டரான கன்சல்டன்டிடம் நேராகச் சொல்லத் தயங்காதீர்கள். இங்கே அதை மரியாதைக் குறைவாக யாரும் எடுப்பதில்லை, இன்சார்ஜிடம் எதிர்பார்ப்பதே அதுதான்.

பொறுப்பேற்கும் முன், அனுபவமுள்ள இன்சார்ஜ் ஒருவரோடு கூடவே நடக்கச் சில ஷிப்டுகள் வேண்டுமென்று மேட்ரனிடம் கேளுங்கள். அதில் ஓர் இரவும் ஒரு வார இறுதியும் கட்டாயம் இருக்கட்டும். கைகொடுக்க ஆள் குறைவது அப்போதுதான்.