கஸ்தூரி மஞ்சள் என்று வந்தது கஸ்தூரி மஞ்சள்தானா?

கேள்வி: மாமரத்து நிழலில் நட, இணையத்தில் அரைக் கிலோ கஸ்தூரி மஞ்சள் விதைக்கிழங்கு வாங்கினேன். நறுக்கினால் உள்ளே நல்ல ஆரஞ்சு நிறம். அசல்தானா? நிழலில் வருமா?
– வாசகி, கோவை

பதில்: ஆரஞ்சு என்றாலே சந்தேகம்தான். அசல் கிழங்கு உள்ளே வெளிர் மஞ்சளாக இருக்கும். கற்பூர வாசம் தூக்கும். பொடியும் வெளுப்புத்தான். மஞ்சள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதால், கேரளத்தில் மஞ்சக்கூவை எனப்படும் கிழங்கு இந்தப் பெயரில் விலைபோகிறது. உங்களுக்கு வந்தது அதுவாகவோ, சாதாரணக் கறிமஞ்சளாகவோ இருக்கலாம்.

இலை வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நடுநரம்பை ஒட்டி ஊதாப் பட்டை ஓடினால் மஞ்சக்கூவை. பட்டை இல்லாமல், இலையின் அடிப்பக்கம் வெல்வெட் போல மெத்தென்று இருந்தால் அசல். வழுவழுப்பாக இருந்தால் கறிமஞ்சள். ஆனால் அதுவரை காத்திருந்தால் திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிடும். நறுக்கிய கிழங்கையும் பொட்டலத்தின் மேலுள்ள பெயரையும் இன்றே படமெடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த முறை, ரசீதில் கஸ்தூரி மஞ்சளின் தாவரவியல் பெயரான ‘குர்குமா அரோமாட்டிகா’ என்று எழுதித் தருபவரிடமே வாங்குங்கள்.

நிழலுக்கு வருவோம். காட்டு மரங்களுக்கடியில் வளரும் செடி இது. மாவிலைகளுக்கிடையே வெயில் சிதறி விழுந்தால் போதும். வெளிச்சமே எட்டாத சுவர் மூலையில் இலை மட்டும் நீளும், கிழங்கு பருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் ஒன்றிரண்டு முளையுள்ள 25–30 கிராம் துண்டுகளை 2 அங்குல ஆழத்தில், ஓரடி இடைவெளியில் ஊன்றுங்கள். மாவேர் சத்தையும் நீரையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் அரையடி மேட்டுப்பாத்தி நல்லது. இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு மணல். உதிர்ந்த மாவிலையே மூடாக்கு.

மழைக்காலத்தில் இலை மஞ்சளித்து, தண்டை இழுத்தால் கையோடு வந்துவிடுகிறதா? தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகியிருக்கிறது. அந்தத் தூரைத் தோண்டி அப்புறப்படுத்தி, வடிகால் வெட்டுங்கள்.

கேள்வி: போன வருடம் நட்டது டிசம்பரில் முழுக்கக் காய்ந்துவிட்டது. பிடுங்கிவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம், உறங்குகிறது. பட்டுப்போகிறதே என்று தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் இந்தச் சமயத்தில் கிழங்கைக் கொல்லும். ஊற்றுவதை நிறுத்துங்கள். ஒரு கிழங்கைத் தோண்டி விரலால் அழுத்திப் பாருங்கள்; கெட்டியாக இருந்தால் உயிரோடிருக்கிறது, கோடை மழைக்குத் துளிர்க்கும். சில சமயம் இலைக்கு முன்பே, தரையை ஒட்டி இளஞ்சிவப்புப் பூங்கொத்து எட்டிப் பார்க்கும். களை என்று கிள்ளிவிடாதீர்கள்.