பெங்காசி வழக்கு: வக்கீல் எதற்கு?

வணக்கம் ஐயா,

2012 செப்டம்பர் 11 இரவு லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டதைப் பற்றிப் படித்தேன். தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸ் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். தாக்கியவர்களின் தலைவன் என்று பிடிபட்ட அகமது அபு கத்தாலாவை அமெரிக்க நீதிமன்றமே கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. அவன்தான் செய்தான் என்று ஊருக்கே தெரியும். இப்படிப்பட்டவனுக்கு வழக்கு, வக்கீல் எல்லாம் எதற்கு? அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளிண்டன் உண்மையை மறைத்தார் என்கிறார்களே, அது சரியா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

ஸ்டீவன்ஸுக்காக நீங்கள் வருந்துவது கடிதத்திலேயே தெரிகிறது. வருந்த வேண்டிய மனிதர்தான். மொராக்கோவில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர், அரபி பேசுவார். லிபியாவை ஆண்ட கடாபிக்கு எதிரான 2011 போரின்போது சரக்குக் கப்பலில் பெங்காசிக்கு வந்து இறங்கியவர். புகையில் மூச்சுத் திணறி இறந்தார். அவரை வெளியே தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் லிபியர்கள்தான். பத்து நாள் கழித்து, ஆயிரக்கணக்கான பெங்காசி மக்கள் தெருவில் இறங்கி ஆயுதக் குழுக்களை அவற்றின் முகாம்களிலிருந்து விரட்டினார்கள். ஊருக்கே தெரியும் என்கிறீர்கள். அந்த ஊர் இதையும் செய்தது.

ஹிலாரி விஷயத்தை விடுங்கள். நாடாளுமன்றக் குழுக்கள் வருஷக்கணக்கில் தோண்டினார்கள், தேர்தலில் பேசித் தீர்த்தார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை.

'வக்கீல் எல்லாம் எதற்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே இதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். படித்த பிள்ளைகள் இவ்வளவு சுலபமாக இதைக் கேட்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. அதுவும் பெங்காசியை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள்!

லிபியத் தலைநகர் திரிப்போலியில் அபு சலீம் என்று ஒரு சிறை. 1996இல் அங்கே சுமார் 1,200 கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. பல குடும்பங்களுக்கு வருஷக்கணக்கில் தகவலே இல்லை. மகன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பி உணவும் துணியும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்காக வாதாடியவர் பெங்காசியைச் சேர்ந்த ஃபத்தி தெர்பில் என்ற இளம் வக்கீல். 2011 பிப்ரவரி 15 அன்று அவரைக் கைது செய்தார்கள். அந்தக் குடும்பங்கள் காவல் அலுவலகத்தின் முன்னால் கூடின, கூட்டம் பெருகியது, கடாபியின் நாற்பது வருஷ ஆட்சி அங்கேதான் ஆட்டம் காணத் தொடங்கியது. ஒரு வக்கீலைத் தொட்டதற்கு எழுந்த ஊர் அது. அபு கத்தாலாவும் தன் இளமையில் பெரும்பகுதியை அதே அபு சலீமில் கழித்தவர். வழக்கும் வக்கீலும் இல்லாமல் மனிதர்களைப் பூட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த நாடு நமக்கு நன்றாகவே காட்டியிருக்கிறது.

சின்ன வயதில் எங்கள் ஊரில் ஒரு திருவிழாத் தகராறில் ஒருவர் வெட்டுப்பட்டு இறந்தார். அப்பா சாட்சி. 'கையில் அரிவாளோடு நின்றதைப் பார்த்தேன், வெட்டியதைப் பார்க்கவில்லை' என்று கோர்ட்டில் சொன்னார். இறந்தவரின் அண்ணன் அப்பாவுக்கு நெருங்கிய சிநேகிதர். அப்புறம் அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவே இல்லை. அவன்தான் வெட்டினான் என்று ஊருக்கே தெரியுமே, பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று அம்மாவே கேட்டார். 'நான் பார்த்ததைத்தானே கேட்டார்கள்' என்றார் அப்பா. அவர் அந்தச் சிநேகிதரை நினைத்து வருந்தாத நாள் இல்லை. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அபு கத்தாலா வழக்கில் வாஷிங்டன் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த பொதுமக்கள் குழு, செய்ததும் அதைத்தான். தாக்குதலுக்குப் பிறகு அபு கத்தாலா ஒளியவில்லை. பெங்காசி ஹோட்டலில் உட்கார்ந்து ஸ்ட்ராபெரி பானம் குடித்தபடி பத்திரிகையாளரிடம் பேசினார். 2014 ஜூனில் அமெரிக்கப் படை பிடித்து, கப்பலில் வைத்து விசாரித்தபடியே கொண்டுபோனது. முக்கிய சாட்சிகளில் ஒருவர், அவரைப் பிடிக்க உதவியதற்காக 70 லட்சம் டாலர் வாங்கியவர். அவ்வளவு பணம் வாங்கியவரின் வார்த்தையை மட்டும் வைத்து ஒருவனைக் கொலைகாரன் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா? கண்காணிப்பு வீடியோவில் அவர் துப்பாக்கியோடு வளாகத்துக்குள் நடப்பது தெரிந்தது. ஃபோன் பதிவுகளும் இருந்தன. 2017 நவம்பரில், 18 குற்றச்சாட்டுகளில் நான்கை ஜூரி ஏற்றது: பயங்கரவாதத்துக்கு உதவச் சதி செய்தது, உதவியது, கட்டடத்தைச் சேதப்படுத்தியது, குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தது. கொலைகளுக்கு அவரே பொறுப்பு என்பதை நிரூபிக்கவில்லை என்று ஒதுக்கியது. இறந்தது அவர்கள் நாட்டுத் தூதர், உட்கார்ந்திருந்தது அவர்கள் நாட்டு ஜூரி. அப்படியும் ஒதுக்கினார்கள். இதைத் தோல்வி என்கிறீர்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் வருகிறது.

அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. 2018இல் 22 வருடம் கொடுத்தார்கள். அது போதாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல, 2024இல் அது 28 வருடம் ஆனது. அதே தாக்குதலுக்காகப் பிடிபட்ட முஸ்தபா அல்-இமாம் மீதான வழக்கையும் படியுங்கள். அங்கே ஜூரி இரண்டு குற்றச்சாட்டுகளில் மட்டும் தீர்ப்புச் சொன்னது, மற்றவற்றில் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. அவருக்குப் பத்தொன்பது வருடத்துக்கு மேல் சிறை. இரண்டையும் படித்துவிட்டு எழுதுங்கள், கட்டாயம் பதில் போடுகிறேன்.

அன்புடன்.